பவர் ஸ்டியரிங்கைக் கழட்டினா பழைய கார் கிடைக்குமா?

காரில் இல்லாத வசதியைக் காசு கொடுத்து மாட்டுறது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஏசி இல்லேன்னா ஏசி, சென்ட்ரல் லாக் இல்லேன்னா அது, எதுவுமே தோணலேன்னா பின்சீட்டுக்கு ஒரு பூப்போட்ட கவர். ஆனா கம்பெனியே போட்டுக் கொடுத்த ஒரு வசதியை, கையெல்லாம் ஆயில் ஆக்கிக்கிட்டு, காசும் செலவழிச்சு, கழட்டி வீசுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? அப்படி ஒரு கூட்டம் உலகம் பூரா இருக்கு. அவங்க கழட்டுறது பவர் ஸ்டியரிங்கை.

ஏன்யா கழட்டுறேன்னு கேட்டா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, பம்ப், பெல்ட், ஹோஸ் எல்லாம் சேர்ந்து சில கிலோ எடை, அதோட எஞ்சினுக்கு ஒரு சுமை. ரெண்டாவது பதில்தான் முக்கியமானது. "ரோடு கையில தெரியணும் சார்." அதாவது டயர் பிடிக்குதா, வழுக்கப் போகுதா, தார் எங்க முடிஞ்சு மணல் எங்க ஆரம்பிக்குது என்பதெல்லாம் ஸ்டியரிங் வழியா உள்ளங்கைக்கு வந்து சேரணுமாம். பவர் ஸ்டியரிங் அந்தப் பேச்சை நடுவுல நின்னு கேட்டுக்கிட்டு, நமக்குச் சொல்லாமலே முழுங்கிடுதாம்.

இதுல உண்மை இருக்கு. ஆனா முழு உண்மை இல்லை. அம்பாசடரில் கார் பழகினவன் என்கிற முறையில் எனக்கும் அந்தக் கனமான ஸ்டியரிங் மேல ஒரு பாசம் உண்டு. அதுக்காக, கழட்டினா பழைய கார் திரும்பக் கிடைச்சிடும்னு நம்ப முடியுமா? இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, வந்தபிறகு காரை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தாத்தான் அதுக்குப் பதில் சொல்ல முடியும். பதிவு கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க.

கை வலிச்ச காலம்

ஆரம்பகாலக் கார்கள் எடை கம்மி, டயரும் சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லியா இருக்கும். ஸ்டியரிங் அப்படி ஒண்ணும் பெரிய சிரமம் இல்லை. சிரமம் வந்தது 1920களில். 1923ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி "பலூன் டயர்" கொண்டு வந்தது. குண்டு டயர், உள்ளே காற்றழுத்தம் குறைவு. பயணம் மெத்தென்று ஆனது. ஆனா டயர் ரோட்டில் பதியும் இடம் பெரிசாச்சு. நிக்கிற காரில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்க, அந்த ரப்பர் மொத்தத்தையும் தார் ரோட்டில் வச்சு அரைக்கணும். அதே காலத்துலதான் முன்சக்கரத்துக்கும் பிரேக் வந்தது, எஞ்சினும் பெரிசாச்சு. எல்லாச் சுமையும் முன்னாடி.

இதுக்கு இஞ்சினியர்கள் கையில் இருந்த மருந்து ஒண்ணே ஒண்ணுதான், பல்சக்கர விகிதம். ஸ்டியரிங்கை நிறையச் சுத்தினா சக்கரம் கொஞ்சமா திரும்புற மாதிரி பண்ணிட்டா, ஒவ்வொரு சுத்துக்கும் பலம் கம்மியாத் தேவைப்படும்.  பலம் மிச்சம், ஆனா வீலை நிறையச் சுத்தணும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப நாலு சுத்து, அஞ்சு சுத்து. கூடவே ஸ்டியரிங் வீலையும் தாம்பாளத் தட்டு சைஸுக்குப் பெரிசாக்கினாங்க. நம்ம ஊர் பழைய பஸ், லாரிகளில் டிரைவர் அண்ணன் எழுந்து நின்னு ஒடிக்கிற மாதிரி இருக்குமே, அதே தத்துவம்தான்.

வேற சக்தியை உதவிக்குக் கூப்பிடலாமே என்ற யோசனை அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ட்வைஃபோர்ட் 1900லேயே காப்புரிமை வாங்கியிருக்கார். இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902ல் எண்ணெய் அழுத்தத்தை வச்சு ஒரு வழி சொன்னார். எதுவும் காருக்குள்ள வந்து சேரலை. அதைக் கொண்டுவந்து சேர்த்த மனுஷன் வேற.

வேலையை விட்ட ஒரு இஞ்சினியர்

ஃப்ரான்சிஸ் டேவிஸ். 1887ல் பிறந்தவர், ஹார்வர்டில் படிச்சவர். பியர்ஸ்-ஆரோ என்கிற கம்பெனியின் லாரிப் பிரிவில் தலைமை இஞ்சினியர். லாரியின் ஸ்டியரிங் எவ்வளவு கொடுமைன்னு தினம் பார்த்துக்கிட்டிருந்தவர். 1922ல் அந்த நல்ல வேலையை விட்டுட்டு, மாசச்சூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்கு எடுத்து, ஜார்ஜ் ஜெஸப் என்கிற கைதேர்ந்த கருவித் தொழிலாளியைச் சேர்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

டேவிஸ் பிடிச்ச விஷயம் கேட்கச் சின்னதா இருக்கும். ஆனா அதுலதான் எல்லாமே இருக்கு. அதுவரைக்கும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் இயந்திரங்களில் எண்ணெயை எப்பவும் முழு அழுத்தத்தில் அடைச்சு வச்சிருப்பாங்க. தேவைப்படும்போது வால்வைத் திறப்பாங்க. எப்பவும் அழுத்தம்னா எப்பவும் கசிவு. தொழிற்சாலையில் ஓரமா நிக்கிற பிரஸ்ஸுக்கு அது சரி. குலுங்கிக்கிட்டே ஓடுற காருக்கு ஆகாது.

டேவிஸ் அதைத் தலைகீழாப் போட்டார். வால்வு எப்பவும் திறந்தே இருக்கட்டும். பம்ப்பிலிருந்து எண்ணெய் சும்மா ஓடி, சுத்தி, திரும்பத் தொட்டிக்கே வரட்டும். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு லேசா நகர்ந்து ஒரு பக்க வழியை நெருக்கும். அப்போ அந்தப் பக்கம் மட்டும் அழுத்தம் ஏறி, பிஸ்டனைத் தள்ளும். திருப்புறதை நிறுத்தினா எண்ணெய் பழையபடி சும்மா ஓட ஆரம்பிச்சிடும். வாய்க்காலை மறிக்காம, வேணுங்கிறப்ப மட்டும் மடையை லேசா இறக்குற மாதிரி. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல உலகத்துல ஓடின ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் பெரும்பாலும் இந்த யோசனையின் வாரிசுதான்.

பழைய கம்பெனியின் பியர்ஸ்-ஆரோ கார் ஒண்ணில் அதைப் பொருத்தி, 1926ல் டெட்ராய்ட்டுக்கு ஓட்டிட்டுப் போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆளுங்க ஓட்டிப் பார்த்தாங்க, ஒப்பந்தமும் போட்டாங்க. சுபம்னு போர்டு போடலாம்னு பார்த்தா, அங்கதான் கதை தேங்கி நின்னுடுச்சு.

1929ல் பங்குச்சந்தை விழுந்தது. பெருமந்தம். கார் விக்கிறதே கஷ்டம் என்கிற காலத்தில், இந்தச் சாமானுக்குன்னு தனி இயந்திரம், தனி உற்பத்தின்னு செலவு பண்ண ஜிஎம் கணக்குப்பிள்ளைகள் ஒத்துக்கலை. 1934ல் ஒப்பந்தம் முடிஞ்சுது. டேவிஸ் 1936ல் பெண்டிக்ஸ் கம்பெனியோட சேர்ந்தார். அப்புறம் போர் வந்தது.

போர்க்காலத்தில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. பிரிட்டிஷ் படைகளுக்காக அமெரிக்காவில் செவர்லே கட்டிய ஸ்டாக்ஹவுண்ட் என்கிற கவச வண்டி, எடை சுமார் 14 டன். அதுல பவர் ஸ்டியரிங் பம்ப் இருந்தது. ஆனா டிரைவருக்கு முன்னால இருக்கிற பேனலில் அதுக்கு ஒரு ஸ்விட்சும் இருந்தது! வேணும்னா போட்டுக்கலாம், வேண்டாம்னா அணைச்சுக்கலாம். இந்த ஸ்விட்சை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில தேவைப்படும்.

போர் முடிஞ்சபிறகு, 1951ல் கிரைஸ்லர் கம்பெனி தன்னோட இம்பீரியல் காரில் "ஹைட்ராகைடு" என்ற பெயரில் பவர் ஸ்டியரிங்கை இறக்கியது. விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அதுதான் முதல். அதன் அடிப்படை டேவிஸின் பழைய காப்புரிமைகள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுசு 17 வருஷம், அவையெல்லாம் காலாவதி ஆகியிருந்தன. டேவிஸுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே கிரைஸ்லருக்கு இல்லை. மனுஷன் 1920களில் கண்டுபிடிச்சதை 1950களில் வேற ஒருத்தன் வித்தான். போட்டியில் பின்தங்கிடக்கூடாதுன்னு ஜிஎம் மறுபடியும் டேவிஸைத் தேடிப் போனது, 1952 மாடல் கேடிலாக்கில் அவங்களும் கொண்டு வந்துட்டாங்க. நல்லவேளை, டேவிஸ் இதையெல்லாம் பார்க்க உயிரோட இருந்தார். 1978ல், தொண்ணூறு வயசில் காலமானார்.

ஒத்தை விரலும் அதன் விலையும்

அதுக்கப்புறம் அமெரிக்காவில் தீ மாதிரி பரவிடுச்சு. ஒத்தை விரலால் படகு மாதிரிக் காரைத் திருப்புறது ஒரு பெருமை. புகாரும் அப்பவே ஆரம்பிச்சாச்சு. கார் பத்திரிகைகளில் எழுதினவங்க, "சக்கரம் எங்க இருக்குன்னே தெரியலை"ன்னு புலம்ப ஆரம்பிச்சாங்க. இன்னைக்குக் கழட்டுற ஆளுங்களுக்கு அவங்கதான் கொள்ளுத்தாத்தா.

ஆனா பலர் கவனிக்காத விஷயம், காரின் மத்த உறுப்புகளுக்கு நடந்தது. பவர் ஸ்டியரிங் வந்து சும்மா ஓரமா உக்காரலை. அதை நம்பி மத்ததெல்லாம் மாற ஆரம்பிச்சுது.

முதல்ல விகிதம். பலம் இப்போ பம்ப் கொடுக்குது, அப்புறம் எதுக்கு அஞ்சு சுத்து? மூணு போதும். கார் சட்டுனு திரும்பும்.

அடுத்தது காஸ்டர் கோணம். பக்கவாட்டில் நின்னு சைக்கிளைப் பாருங்க. முன்சக்கரத்து ஃபோர்க் நேரா நிக்காம சாய்ஞ்சிருக்கும். கையை விட்டு ஓட்டினாலும் சக்கரம் தானா நேராக அந்தச் சாய்வு உதவுது. காரிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு. சாய்வு கூடக்கூட நெடுஞ்சாலையில் கார் நூல் பிடிச்ச மாதிரி போகும், வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேராகும். ஆனா திருப்புறது கனமாகும். அதனால கையால் திருப்பும் கார்களில் அந்தச் சாய்வைக் கஞ்சத்தனமா வைப்பாங்க. பவர் ஸ்டியரிங் வந்ததும் தாராளமா வைக்க முடிஞ்சுது.

1960களின் கிரைஸ்லர் சர்வீஸ் புத்தகங்களில் இதுக்கு அழகான சாட்சி இருக்கு. ஒரே கார், ஒரே மாடல். ஆனா காஸ்டர் அளவு மட்டும் ரெண்டு வரியில் இருக்கும். சாதா ஸ்டியரிங் என்றால் மைனஸ் அரை டிகிரி. பவர் ஸ்டியரிங் என்றால் பிளஸ் முக்கால் டிகிரி. அதாவது கம்பெனியே சொல்லுது, இது ரெண்டும் ஒரே கார் இல்லை தம்பின்னு.

மூணாவது டயர். அகலமாச்சு. நாலாவது, முன்சக்கரமே காரை இழுக்கும் வகை பெருகிச்சு. எஞ்சினும் கியர்பாக்ஸும் மொத்தமா முன்சக்கரத்து தலையில். அஞ்சாவது, ஸ்டியரிங் வீல் சின்னதாச்சு. பலத்துக்குப் பெரிய வீல் தேவையில்லையே. அந்த இடத்தில் பின்னாடி ஏர்பேக்கும் வந்து உக்காந்துடுச்சு.

இந்தப் பாதையோட உச்சத்தைப் பார்க்கணும்னா 1970ல் வந்த சிட்ரோயன் எஸ்எம். ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரெண்டே சுத்து. வேகம் கூடக்கூட எண்ணெய் அழுத்தமே ஸ்டியரிங்கைக் கனமாக்கும், கையை விட்டா நின்ன இடத்திலேயே தானா நேராயிடும். அதுல போய் பவர் ஸ்டியரிங்கைக் கழட்டினா அது ஸ்டியரிங்கே இல்லை, தண்டனை.

கழட்டுறதுன்னா என்ன?

சரி, மேட்டருக்கு வருவோம். டெக்னிக்கல் அலர்ஜி உள்ளவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம் :-)

இப்போ நம்ம ஊர்க் கார்களிலும் பார்க்கிற ராக் அண்ட் பினியன் வகையை எடுத்துப்போம். ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது ஒரு நீளமான பல்லுள்ள கம்பியை இடமும் வலமும் நகர்த்தும், அது ராக். சாதா ஸ்டியரிங்கில் அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. பவர் ஸ்டியரிங்கில் ரெண்டு விஷயம் கூடுதல். ராக் மேல ஒரு பிஸ்டன், அதைச் சுத்தி எண்ணெய்க் குழாய். அப்புறம் ஸ்டியரிங் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவுல டார்ஷன் பார்னு ஒரு மெல்லிய எஃகுத் தண்டு. நாம திருப்பும்போது அந்தத் தண்டு முதல்ல லேசா முறுங்கும். அந்த முறுக்கம்தான் வால்வுக்குச் சிக்னல். எவ்வளவு முறுங்குதோ அவ்வளவு அழுத்தம். கவனிச்சீங்களா? நம்ம கைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல, வேணும்னே ஒரு நெகிழ்வை வச்சிருக்காங்க. அது இல்லேன்னா பவர் ஸ்டியரிங்குக்கு நாம என்ன கேக்குறோம்னே தெரியாது.

இப்போ ஒருத்தர் பெல்ட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டார்னு வைங்க. பம்ப் சுத்தாது, ஆனா பிஸ்டனும் எண்ணெயும் அங்கேயேதான் இருக்கு. திருப்பும்போதெல்லாம் பிஸ்டன் அந்த எண்ணெயைச் சின்னச் சின்னத் துவாரம் வழியா நம்ம கை பலத்திலேயே தள்ளணும். சிரிஞ்சில் தேங்காய் எண்ணெயை அடைச்சு அழுத்துற மாதிரி. நான் ஒரு தடவை மலைப்பாதையில் பெல்ட் அறுந்த காரை இறக்கிக் கொண்டுவந்திருக்கேன். ஓடும்போது சமாளிக்கலாம், கொண்டை ஊசி வளைவு வந்தா தோள்பட்டை கழண்டுடும். பழைய அம்பாசடரை விடப் பல மடங்கு கனம். அம்பாசடர் கையால் திருப்புறதுக்குன்னே பண்ணின வண்டி. இது அப்படி இல்லை.

பம்ப்பை எடுத்துட்டு, ராக்கில் உள்ள ரெண்டு வாயையும் ஒரு ஹோஸால் இணைச்சு விடுறது அடுத்த படி. கொஞ்சம் தேவலை, ஆனா எதிர்ப்பு முழுசாப் போகாது. முறையாச் செய்யணும்னா ராக்கையே இறக்கிப் பிரிக்கணும். பிஸ்டன் மேல உள்ள சீலை எடுக்கணும். எண்ணெய் வாய்களில் தூசி போகாம, ஆனா காத்து அடைபடாம பார்த்துக்கணும். எண்ணெய் இனி இல்லை என்பதால் கிரீஸ் போடணும். எல்லாத்துக்கும் மேல, அந்த டார்ஷன் பார் நெகிழ்வை வெல்டு வச்சோ வேற வழியிலோ பூட்டணும். இல்லேன்னா ஸ்டியரிங்கில் எப்பவும் ஒரு சின்ன ஆட்டம், நம்ம பாஷையில் "ப்ளே", இருந்துக்கிட்டே இருக்கும். ரோடு கையில தெரியணும்னு கழட்டினவருக்கு, ரோடு ஒரு டிகிரி லேட்டாத் தெரியும்!

இதுல வெல்டு வைக்கிற வேலை விளையாட்டு இல்லை. அது விட்டுப்போனா சக்கரத்துக்கும் கைக்கும் உள்ள உறவே போச்சு. நம்ம நாட்டில் இன்னொரு தலைவலியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியின் அடிப்படை அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. இன்ஷூரன்ஸ்காரனுக்கு இது தெரிஞ்சா அல்வா சாப்பிட்ட மாதிரி.

இந்தக் கழட்டும் கூட்டத்தின் செல்லப்பிள்ளை, 1989ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. ரெண்டே சீட்டு, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதுல சாதா ஸ்டியரிங், பவர் ஸ்டியரிங் ரெண்டு வகையும் கம்பெனியே வித்தது. சாதா ராக்கின் விகிதம் 18:1. பவர் ராக்கின் விகிதம் 15:1. கழட்டுறவங்களுக்கு இதுதான் ஆசை காட்டுது. பவர் ராக்கை எடுத்து உதவியை மட்டும் நீக்கிட்டா, அந்த வேகமான 15:1 விகிதம், அதோட ரோட்டின் பேச்சும் கிடைக்கும். ஆனா இந்தக் கூட்டணியை மாஸ்டா எப்பவும் விக்கலை. கையால் திருப்புற காருக்கு மாஸ்டா வச்ச விகிதம் 18:1. கழட்டினவர் பழைய காருக்குப் போகலை. யாருமே பண்ணாத மூணாவது கார் ஒண்ணைப் பண்ணியிருக்கார். அது நல்லாவும் இருக்கலாம், எடை குறைஞ்ச காரில் பலருக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் பழசுன்னு சொல்லக் கூடாது.

கம்பெனிகளே போடாம விட்டபோது

சில கம்பெனிகளும் இந்த முடிவை எடுத்திருக்காங்க. போர்ஷே 911க்கு முதன்முதலா பவர் ஸ்டியரிங் வந்தது 1980களின் கடைசியில், 964 வரிசையில். அதே வரிசையில் 1992ல் வந்த எடை குறைந்த கரேரா ஆர்எஸ் காரில் பெரும்பாலும் அதை எடுத்துட்டாங்க. 1990ல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தபோது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மின்சார பவர் ஸ்டியரிங், கியர் மாத்துற வண்டிக்கு ஒண்ணும் கிடையாது. 1992ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமான கார், அதுலயும் பவர் ஸ்டியரிங் கிடையாது. 1996ல் வந்த லோட்டஸ் எலீஸ், சுமார் 725 கிலோ, அதுக்கும் கிடையாது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. 911க்கு எஞ்சின் பின்னாடி. மத்த மூணுக்கும் நடுவில். முன்சக்கரத்து மேல சுமையே கம்மி. இவங்க யாரும் இருந்த காரில் பம்ப்பை உருவி எறியலை. எலீஸ், மெக்லாரன் மாதிரி வண்டிகளில் முதல் கோட்டிலிருந்தே முன்பக்கம் லேசா இருக்கும்படி வரைஞ்சாங்க. நம்ம ஊர் மாருதி 800ம் இந்த ஜாதியில் சேர்க்கலாம், எஞ்சின் முன்னாடி இருந்தாலும். சுமார் 650 கிலோ, 145 மில்லிமீட்டர் அகல டயர். அதுக்கு உதவியே தேவைப்படலை. லேசான ஸ்டியரிங்குக்கு முதல் வழி லேசான கார். ரெண்டாவது வழிதான் பம்ப்.

இப்போ பம்ப்பே இல்லை

1988ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்கிற குட்டிக் காரில் மின்சார பவர் ஸ்டியரிங் வந்தது. பம்ப் கிடையாது, எண்ணெய் கிடையாது, பெல்ட் கிடையாது. ஸ்டியரிங் தண்டில் ஒரு மோட்டார். டார்ஷன் பாரின் முறுக்கத்தை சென்சார் படிச்சு, கம்ப்யூட்டர் மோட்டாருக்குச் சொல்லும். ஹைட்ராலிக் பம்ப் எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுத்திக்கிட்டே பெட்ரோல் குடிக்கும். மோட்டார் திருப்பும்போது மட்டும்தான் கரண்ட் எடுக்கும். பெட்ரோல் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகவே உலகம் முழுக்க இதுக்கு மாறிடுச்சு. 2011ல் போர்ஷே 911ம் மாறியது, ரசிகர்கள் ஒப்பாரி வச்சாங்க.

பலூன் டயர் காலத்துக் கதைதான் இங்கயும். மோட்டாரை நம்பி மத்த விஷயங்கள் வந்து உக்காந்தாச்சு. 2003ல் ஜப்பானில் டொயோட்டா பிரையஸ் தானே பார்க் பண்ணிக் காட்டியது. ஸ்டியரிங்கைத் திருப்ப ஏற்கெனவே ஒரு மோட்டார் இருந்ததால்தான் அது முடிஞ்சது. இன்னைக்குக் கோட்டை விட்டு விலகினா காரே லேசா இழுத்து உள்ளே விடுதே, அதுவும் இதே மோட்டார்தான்.

அந்த உதவி திடீர்னு நின்னா என்ன ஆகும்? 2014 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சது, மின்சார ஸ்டியரிங் உதவி ஓட்டத்தில் நின்னுபோகலாம் என்பதற்காக. ஸ்டியரிங் வேலை செய்யும், ஆனா மெதுவான வேகத்தில் பலம் அதிகம் தேவைப்படும், அது விபத்தில் முடியலாம் என்பதுதான் எச்சரிக்கை. கனமான ஸ்டியரிங் தன்னளவில் ஆபத்து இல்லை. நூறு வருஷமா ஜனங்க ஓட்டியிருக்காங்க. லேசா இருக்கும்னு நம்பித் திருப்புறப்போ கனமா இருக்கிறதுதான் ஆபத்து.

யாருக்கு உதவி?

இந்த விவாதத்தில் எனக்கு ஒரு விஷயம் எப்பவும் உறுத்தும். "நிஜமான டிரைவருக்கு பவர் ஸ்டியரிங் எதுக்கு?" என்கிற தொனி. சொல்றவங்க பெரும்பாலும் தோளில் வலு உள்ள ஆம்பளைங்க, ஞாயித்துக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுறவங்க.

ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டியரிங் உண்டு. அதுக்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2வில் கிடையாது. அந்தத் தொடரில் 2019ல் முதல் பெண்ணாக ஓட்டியவர் கொலம்பியாவின் தாத்தியானா கால்தெரோன். 2024க்குன்னு புது ஃபார்முலா 2 காரை வடிவமைச்சபோது, எல்லா விதமான டிரைவர்களும் ஓட்டக்கூடிய அளவுக்கு ஸ்டியரிங்குக்கான பலம் குறையணும்னு சர்வதேச கார் கூட்டமைப்பே கேட்டு, அதன்படி பண்ணினாங்க. யோசிச்சுப் பாருங்க. ஒரு வாசல் இவ்வளவு காலம் பாதி மூடியே இருந்திருக்கு, அதுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, ஸ்டியரிங்கின் கனம்.

பந்தயம் கிடக்கட்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் டவுன் பஸ் ஓட்டி, இருபது வருஷம் கழிச்சுத் தோள்வலியோட ரிட்டயர் ஆனவர்கிட்ட போய், "ரோடு கையில தெரிஞ்சுதா அண்ணே?"ன்னு கேட்டுப் பாருங்க. நல்லாச் சொல்வார். டேவிஸ் வேலையை விட்டது சொகுசுக் காருக்காக இல்லை. லாரியின் ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான்.

அதுக்காகக் கழட்டுறவங்களை நான் கிறுக்கன்னு சொல்ல வரலை. லேசான கார், தகுந்த ராக், வேலை தெரிஞ்ச கை, ஓட்டுறது தான் மட்டும்தான் என்றால், அது ஒரு ருசி. யாருக்கும் நஷ்டம் இல்லை. கம்பெனியே சாதா ராக் வித்திருந்தா, உள்ளதை வெட்டாம அதையே தேடி வாங்கிப் போடுறது உத்தமம். வீட்டில் மத்தவங்களும் ஓட்டுற கார் என்றால், தயவு செஞ்சு கையை வைக்காதீங்க. உங்க ருசிக்கு அவங்க தோள் வலிக்கக் கூடாது.

மெக்லாரன் எஃப்1ஐ வரைஞ்ச கார்டன் முர்ரே, 2020ல் டி.50ன்னு இன்னொரு கார் காட்டினார். இந்தத் தடவை அவரே ஸ்டியரிங்குக்கு உதவி வச்சார், ஆனா பார்க்கிங் வேகத்துக்கு மட்டும். ஓட ஆரம்பிச்சதும் உதவி விலகிடும், ரோடு நேரா கைக்கு வரும். மேல சொன்ன ஸ்டாக்ஹவுண்டின் ஸ்விட்ச் ஞாபகம் இருக்கா? பதினாலு டன் போர் வண்டியில் எவனோ ஒரு இஞ்சினியர் வச்ச அதே யோசனைதான், ஸ்விட்சைப் போடுற வேலையை இப்போ காரே பார்த்துக்குது. அதை மட்டும் நம்ம பட்ஜெட் காருக்கும் எவனாவது கொண்டு வந்தா, இந்தக் கழட்டுற வேலையே மிச்சம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு வீட்டுக் காரில் ஸ்பேனரோட படுத்தா நான் பொறுப்பில்லை :-) கனமான ஸ்டியரிங் ஓட்டி வளர்ந்தவங்க இருந்தா, எந்த வண்டி, எவ்வளவு நாள், இப்போ தோள் எப்படி இருக்குன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. புத்தகத்தில் கிடைக்காத சரித்திரம் அதுதான்.